குதிரைக் கொட்டாயில் ஒரு பீரோக் கதவு

தங்கையா அண்ணனைப் பத்தி கேத்தியில யாரைக் கேட்டாலும் ஒண்ணேதான் சொல்லுவாங்க. செத்துப்போன சம்சாரத்தோட பீரோக் கதவைப் பேத்துக் குதிரைக்கு மாட்டி வெச்ச மனுசன்னு. சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற. நானும் சிரிச்சவதானுங்க, மறைக்கல. சிரிச்சதுக்கு அப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேற யாராச்சும் சொன்னா கண்ணு காது மூக்கு வெச்சுச் சொல்லுவாங்க, அதனால நானே சொல்லிடறேன்.

என் பேரு ஞானசுந்தரி. கால்நடை மருந்தகத்துல உதவியாளர் வேலை, இருபத்தாறு வருசம் சர்வீசு. டாக்டருங்க வருவாங்க, போவாங்க. நான் அங்கயேதான் இருக்கேன். சொந்த ஊரு அன்னூர்ப் பக்கம். கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்லை, நீங்களும் கேக்காதீங்க. எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊர்ல ஒரு பேரு உண்டு. மாட்டுக்குக் காணைத் தடுப்பூசி போட வராம ஏய்க்கறவங்களை வையாம கொஞ்சவா முடியும்.

தங்கையாண்ணனுக்கு அறுபத்திரண்டு வயசு. ஆறு வயசுல சிலோன்ல இருந்து அப்பா அம்மாவோட கப்பலேறி வந்தவரு. இத்தனை வருசம் நீலகிரியில இருந்தும் லைன் வீட்டை லயம்னுதான் சொல்லுவாரு, பால் ஊத்தாத டீயைச் சாயத்தண்ணின்னுதான் சொல்லுவாரு. என்னை டாக்டரம்மான்னு கூப்புடுவாரு. அண்ணா, நான் டாக்டர் இல்லைங்க, ஊசி எடுத்துக் குடுக்கற ஆளுன்னு நூறு வாட்டி சொல்லியாச்சு. சரிங்க டாக்டரம்மாம்பாரு. அதுக்கு மேல அந்த ஆளுகிட்ட என்ன பேசறது.

வாலிபத்துல ஊட்டியில பந்தயக் குதிரைகளைத் தேய்ச்சுக் கழுவற வேலை பாத்தவரு. அப்புறம் சொந்தமா ரெண்டு மட்டக்குதிரை வாங்கி ஏரிக்கரையில சவாரி விட்டாரு. ரெண்டும் பெட்டை. ஒண்ணு சீதேவி, இன்னொண்ணு கமலி. கேத்தியில கேரட் காட்டுக்கு மேல அவரு ஊடு. ஊட்டை ஒட்டியே தகரக் கொட்டாய் போட்டு ரெண்டையும் கட்டி வெச்சிருந்தாரு. சீசன்ல விடியறதுக்குள்ள ரெண்டையும் புடிச்சுக்கிட்டு நடந்தே ஊட்டிக்குப் போவாரு.

குதிரை விசயத்துல அவரு மூளை வேலை செய்யற விதமே தனிங்க. சீதேவி வந்த புதுசுல, மலை ரயில் ஊதுனா கயித்தை அத்துக்கிட்டு ஓடும். ஸ்டேசன்லயே கொண்டு போய்க் கட்டி நாலு சாத்து சாத்துனா பயம் போயிரும்னு ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. இவரு எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு, தெனமும் ரயில் வர்ற நேரத்துக்கு அதை ரொம்பத் தள்ளி இருக்கற வளைவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ரயில் தெரியாது, ஊதற சத்தம் மட்டும் லேசாக் கேக்கும். சத்தம் கேட்டவுடனே ஒரு கை வேகவெச்ச கொள்ளு. வாராவாரம் பத்தடி பக்கத்துல போவாரு. நாலு மாசத்துல ரயில் ஊதுனா சீதேவிக்கு எச்சில் ஊற ஆரம்பிச்சுருச்சு.

கமலி வேற மாதிரிக் கள்ளி. சேணம் கட்டறப்ப வயித்தை உப்பிக்கும். கட்டி முடிச்சதும் மூச்சை விட்டுரும். வார் லூசாகி, மேல உக்காந்த டூரிஸ்டு ஒரு பக்கமாச் சாஞ்சு அலறுவான். மத்தவங்க முழங்காலால வயித்துல ஒரு இடி குடுத்து இழுத்துக் கட்டுவாங்க. இவரு பாதி கட்டிட்டு, அதைப் பத்தடி நடத்திட்டு, அப்புறம் மீதியைக் கட்டுவாரு. நடக்கறப்ப மூச்சை அடக்க முடியாது பாருங்க. அவ்வளவுதான் விசயம், ஆனா அது வேற ஒருத்தனுக்கும் தோணல.

எங்க டாக்டர் கீர்த்திவாசன் புதுசா வந்தப்ப நடந்ததையும் சொல்லணும். சென்னைப் பையன், இருபத்தெட்டு வயசு. கேத்தி ரோட்டுல ஒரு எடத்துல சீதேவி திடீர்னு நின்னுக்கிச்சு. ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேங்குது. டாக்டர் கால் குளம்பைத் தூக்கிப் பாத்தாரு, லாடத்தைத் தட்டிப் பாத்தாரு. தங்கையாண்ணன் குதிரையோட தலைக்குப் பக்கத்துல தன் தலையைக் கொண்டு போயி ஒட்டி வெச்சு நின்னாரு. அப்புறம் நேராப் போயி, ஒரு கடையோட பக்கச் சந்துல காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்த பிளக்ஸ் பேனரை இழுத்துக் கட்டுனாரு. குதிரை நடந்துருச்சு. அன்னைக்கு டாக்டர்கிட்ட அவரு சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன்.

“அதுக்கு என்னன்னு தேடாதீங்க சார். அது எங்க பாக்குதுன்னு தேடுங்க. அதோட தலைகிட்ட நம்ம தலையை வெச்சாத் தெரிஞ்சுரும்.”

இதை ஞாபகம் வெச்சுக்குங்க. நான்தான் மறந்து தொலைச்சேன்.

அவரு சம்சாரம் தெய்வம்மா அக்கா கேரட் கழுவற எடத்துல வேலை பாத்துச்சு. பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. அவரு வாயே தொறக்க மாட்டாரு, அந்தக்கா இருந்தவரைக்கும் தொறக்க வேண்டிய அவசியமும் வரல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒருநாள் காலையில கேரட் கூடைக்குப் பக்கத்துல நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துச்சு, அவ்வளவுதான். ஒரே மக வனிதா திருப்பூர்ல கட்டிக்கிட்டு, அங்கயே பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். ஊட்டுல மிச்சம் இருந்தது அவரும் ரெண்டு குதிரையுந்தான். காலையில ஒரு தரம் ஆக்குவாரு, அதையே மூணு வேளையும் தின்பாரு. அந்த ஊட்டுப் பக்கம் போனா அப்படி ஒரு சத்தமில்லாமை, நானே குரலைத் தாழ்த்திக்குவேன்.

மொதல் தெவசம் வந்துச்சு. குதிரைங்களை மேய விடறப்ப அவரு எப்பவும் வாய்க்கூடை கட்டி விடுவாரு, கயித்துல பின்னுன வலை. புல்லு மட்டும் நுழையும், பிளாஸ்டிக் கவர் நுழையாது. அன்னைக்கு ஊடு நெறையச் சொந்தக்காரங்க, ஐயரு அவசரப்படுத்தறாரு. ஒரே ஒரு நாள் கூடை கட்டாம அவுத்து விட்டுட்டாரு. கமலி எங்கயோ குப்பையில பிரியாணிக் கவருங்களை அள்ளித் தின்னுருக்கு. மறுநா வயித்து வலி. குதிரை வயித்துல காது வெச்சா எப்பவும் கடகடன்னு சத்தம் கேக்கணும். நான் வெச்சுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் ஒரு சத்தமும் இல்ல. டாக்டர் மூக்கு வழியா டியூப் விட்டாரு, ஊசி போட்டாரு. அண்ணன் காலையில இருந்து அதைப் படுக்க விடாம நடத்திக்கிட்டே இருந்தாரு. சாயங்காலம் நாலு மணிக்கு அது போயிருச்சு. அந்த வாய்க்கூடை இன்னும் கொட்டாய் ஆணியிலதான் தொங்குது. கழட்டச் சொல்லி யாரும் கேக்கறதில்லை.

அடுத்த நாள்ல இருந்து சீதேவி தின்னல. கொட்டாய்க்கு முன்னாடி இருக்கற குறுக்குக் கம்பிகிட்ட நின்னுக்கிட்டு, எடது கால், வலது கால்னு மாத்தி மாத்தி ஊன்றது, கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டறது. நடுவுல ஒரு கனைப்பு. பதில் வருதான்னு காதை நிமித்திக் கேக்கும். வராது. மறுபடி ஆட்டம். டாக்டர் பல்லைப் பாத்தாரு, காய்ச்சல் பாத்தாரு, சாணத்தைக் கொண்டு போய்ப் பரிசோதிச்சாரு. ஒரு நோயும் இல்ல. துணை போனதுதான் நோய், இப்படியே விட்டா வயிறு நின்னு இதுவும் செத்துரும்னாரு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுத்தற குதிரைக் கூட்டத்துல விட்டுருங்க, துணைக்குத் துணையாச்சுன்னு யாரோ சொன்னாங்க. அண்ணன் அந்த வாய்க்கூடையை ஒருதரம் பாத்தாரு. அந்தக் கூட்டம் குப்பையில மேயறது அவருக்குத் தெரியாதா.

பக்கத்துக் காட்டு அருக்காணி ஒரு வெள்ளாட்டை எரவல் குடுத்துச்சு. அந்த ஆடு சீதேவியோட கொள்ளையும் தின்னுட்டு, புல்லு மேலயே படுத்துத் தூங்குச்சு. நாலாம் நாள் ஒரு ஒதை வாங்கிச்சு. அருக்காணி வந்து ஒரு மணி நேரம் சண்டை போட்டுட்டு ஆட்டை ஓட்டிட்டுப் போயிருச்சு. அப்புறம் ரேடியோ வெச்சுப் பாத்தாரு. வேளாண்மைச் செய்தி பாட்டுக்கு ஓடுது, குதிரை பாட்டுக்கு ஆடுது. கடைசியா டாக்டர்தான் கண்ணாடி வெக்கச் சொன்னாரு. வெளிநாட்டுல தனிக்குதிரைக்குக் கண்ணாடி மாட்டறாங்களாம், தன்னையே இன்னொரு குதிரைன்னு நெனைச்சுக்குமாம். ஆனா ஒடையாத பிளாஸ்டிக் சீட்டுல செஞ்ச கண்ணாடியா இருக்கணும், தலை முழுசாத் தெரியணும், கோயமுத்தூர்ல சொல்லி வெச்சா வர பத்து நாளாகும்னாரு. பத்து நாளான்னு கேட்டாரு தங்கையாண்ணன். எவ்வளவு ஒசரம் வேணும்னு கேட்டாரு.

மறுநா காலையில நான் போறேன், கொட்டாய்க்கு வெளியில பீரோக் கதவு நிக்குது. தெய்வம்மா அக்காவோட ஸ்டீல் பீரோ, ஆளுயரக் கண்ணாடி வெச்ச கதவு. வெல்டிங் பட்டறை லோகுவைக் கூட்டிட்டு வந்து கீலை அறுத்து எடுத்திருக்காரு. குதிரை ஒதைச்சாக் கண்ணாடி வயித்துல எறங்கும், கிறுக்குப் புடிச்சிருச்சான்னு வெச்சேன் பாருங்க ஒரு வசவு. அவரு கையை நீட்டிக் காட்டுனாரு. கம்பிக்கு வெளியில, குதிரை மூக்கும் எட்டாது காலும் எட்டாது, அவ்வளவு தள்ளித் தூண்ல மாட்டிக் கம்பியால கட்டியிருந்தாரு. அதுக்கு மேல நான் வைய எடமில்ல. ஊட்டுக்குள்ள எட்டிப் பாத்தா பீரோ வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. அந்தக்காவோட சீலையெல்லாம் மடிச்சது மடிச்சபடி தெரியுது. அதுக்கு மேல ஒரு போர்வையைத் தொங்க விட்டிருந்தாரு.

அந்தக் கண்ணாடியில ஒம்பது பொட்டு ஒட்டியிருந்துச்சு. அரக்குக் கலர் ஸ்டிக்கர் பொட்டு. மூஞ்சி கழுவறப்ப நெத்தியில இருந்து எடுத்துக் கண்ணாடியில ஒட்டறது நம்ம பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கற பழக்கந்தான். குதிரைக்கு மறைக்குமேன்னு நான் நகத்தால ஒண்ணைச் சொரண்டப் போனேன். “அதைத் தொடாதீங்க,” அப்படீன்னாரு. இருபத்தாறு வருசத்துல அந்த மனுசன் என்னைய அதட்டுனது அந்த ஒரு தரந்தான்.

மொதல் நாள் சீதேவி கண்ணாடியைப் பாத்து மூக்கால சீறுச்சு. அப்புறம் பாத்துக்கிட்டே நின்னுச்சு, ரெண்டு வாய் தின்னுச்சு. மூணாம் நாள் மறுபடி ஆட்டம்னு கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் போனப்ப ஆட்டமும் இல்ல, தொட்டியில ஒரு கொள்ளு மிச்சமில்ல. டாக்டருக்கு ஒரே சந்தோசம். போட்டோ எடுத்துத் தன்னோட டாக்டர் குரூப்புல எல்லாம் போட்டுக்கிட்டாரு.

ஆனா வனிதா கோவிச்சுக்கிட்டா. வீடியோ கால்ல பேசிக்கிட்டிருக்கறப்ப பின்னாடி போர்வை தொங்கறதைப் பாத்துட்டு என்னன்னு கேட்டிருக்கா. இவரு உள்ளதைச் சொல்லிட்டாரு. அம்மா பீரோவைக் குதிரைக்குக் குடுத்துட்டீங்களான்னு கேட்டுட்டுப் போனை வெச்சவ, எட்டு மாசம் பேசல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இவரு கூப்புடுவாரு, அவ எடுக்க மாட்டா. இதை எங்கிட்ட ஒரே வரியில சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? அவ கோவத்துலயும் நாயம் இருக்குதுங்ணான்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். இப்ப நெனைச்சா என் நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

போன மாசம் அவருக்குக் குடலிறக்கம் முத்திப் போச்சு. குன்னூர்ல ஆபரேசன், அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. கூட ஆளு வேணுமில்ல, வனிதா வந்தா. அப்பன்கிட்ட அளந்து நாலு வார்த்தைதான் பேசுனா. போறப்ப அண்ணன் சாவியை என் கையில குடுத்து, காலையும் சாயங்காலமும் கொள்ளு, தவிடு, புல்லு எவ்வளவுன்னு சொன்னாரு. ஜீப்புல ஏறப் போனவரு திரும்பி வந்து, “எதையும் மாத்தாதீங்க டாக்டரம்மா. இருக்கறபடியே இருக்கட்டும்,” அப்படீன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் பாக்காத குதிரையா.

அன்னைக்குச் சாயங்காலம் போறேன், பீரோக் கதவு கோணலா நிக்குது. அது எப்பவுமே கொஞ்சம் கோணல்தான், நானும் பல தரம் சொல்லி இருக்கேன், இருக்கட்டும் இருக்கட்டும்பாரு. பின்னாடி பாத்தா ஒரு கற்பூரமரக் கட்டையை ஆப்பு மாதிரிச் சீவிச் சொருகி இருக்கு. அதான் கதவை ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டிருக்கு. தலை முழுசாத் தெரியணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, இப்படி நின்னா அதோட மூஞ்சி அதுக்கே எப்படித் தெரியும்? என் கைதான் சும்மா இருக்காதே. ஆப்பை உருவிட்டு, கதவை நேரா நிறுத்தி, கம்பியை முறுக்கிக் கட்டுனேன். அவரு வந்து பாத்து மெச்சிக்குவாருன்னு வேற நெனச்சுக்கிட்டேன்.

சீதேவி அன்னைக்குத் தின்னல. ஆளில்லாத ஏக்கம், நாளைக்குத் தின்னும்னு ஊட்டுக்குப் போயிட்டேன். மறுநா காலையில போனா வெச்சது வெச்சபடி இருக்கு. கேரட் குடுத்தேன், வெல்லம் குடுத்தேன், மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. சாயங்காலம் ஆட்டம் ஆரம்பிச்சுருச்சு. எடது கால், வலது கால், எடது கால், வலது கால். மூணாம் நாள் காலையில கொட்டாய்ல சாணமே இல்ல. வயித்துல காது வெச்சேன். எங்கயோ தூரத்துல ஒரு சின்ன கடகட, அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. கமலிக்கு இப்படித்தான் ஆச்சு. உடனே டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் ட்ரெய்னிங்னு சென்னையில இருக்காரு. போன்ல பேசுனாத் தண்ணி குடிக்க வைங்க, நடத்துங்கன்னு சொல்றாரு, வர ரெண்டு நாள் ஆகுமாம். அதே நேரத்துல வனிதா போன்ல இருந்து அண்ணன் கூப்புடறாரு. வயித்தைக் கிழிச்சுத் தையல் போட்டுப் படுத்திருக்கற மனுசன், கேட்டது ஒண்ணே ஒண்ணு. சீதேவி தின்னுச்சாங்க டாக்டரம்மா? நல்லாத் தின்னுச்சுங்ணான்னு சொன்னேன். பொய் சொன்னேன். வெச்சுட்டு அந்தக் கொட்டாய் வாசல்லயே உக்காந்துட்டேன். இந்தக் குதிரையும் போச்சுன்னா அந்த ஆளு எந்த ஊட்டுக்குத் திரும்பி வருவாரு? அவருக்குன்னு அங்க வேற என்ன இருக்கு?

அப்பத்தான் அந்தப் பிளக்ஸ் பேனர் ஞாபகம் வந்துச்சு. எந்திரிச்சு உள்ள போயி, சீதேவி தாடையில என் கன்னத்தை ஒட்டி வெச்சேன். எதுத்தாப்புல கண்ணாடியில அதோட மூஞ்சியும் என் மூஞ்சியும் பளிச்சுன்னு தெரியுது. ஆனா அது அதைப் பாக்கல. கழுத்தை வளைச்சு, கதவோட ஓரத்தைப் பாக்குது. கதவுக்கு அந்தாண்ட எதையோ தேடுது. எடது பக்கம் வளைஞ்சு பாக்கும், இருக்காது, வலது பக்கம் வளைஞ்சு பாக்கும், இருக்காது. நேத்துச் சாயங்காலத்துல இருந்து நான் ஆட்டம்னு நெனச்சதெல்லாம் அதுதானுங்க.

ஆப்பை எங்க போட்டேன்னு தேடி, வெறகுக் குவியல்ல இருந்து எடுத்துட்டு வந்து பழையபடி சொருகுனேன். மறுபடி அதோட தலைகிட்ட என் தலையை வெச்சேன். பஸ் டிரைவர் பக்கக் கண்ணாடியில பின்னாடி பாப்பாரில்ல, அந்த மாதிரி, தகரச் சுவரு மறைச்சுக்கிட்டிருந்த ஊட்டுப் பின்பக்கம் முழுசும் கண்ணாடியில தெரியுது. சமையக்கட்டு வாசப்படி. அதுல ஒரு முக்காலி. மேல ஆணியில அண்ணனோட நீலக் கம்பளிச் சொட்டரும் குரங்குக் குல்லாவும். முக்காலியில ஆளில்ல.

கண்ணாடியில தெரிஞ்ச குதிரை சீதேவிக்கு ரெண்டு நாளைக்குத்தான் வேண்டியிருந்திருக்கு. அது பொய்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அண்ணன் ஆப்பு வெச்சு, அங்க உக்காந்து மூணு வேளையும் தின்னுருக்காரு. அவரு தின்னா அது தின்னும். இத்தனை மாசம் நடந்தது இதுதான். டாக்டர் குரூப்புல போட்ட போட்டோவெல்லாம் சும்மா. அந்த ஆப்பை உருவி நான் எல்லாருக்கும் ஆப்பு வெச்சுட்டேன்.

அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. அதுக்கெல்லாம் நேரமில்ல. போயி அந்தச் சொட்டரை மாட்டுனேன், குல்லாவைக் காதுவரைக்கும் இழுத்து விட்டேன், குதிரை வேர்வை நாத்தம் குடலைப் புடுங்குது. யாராச்சும் பாத்தாச் சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். என் டிபன் பாக்ஸை மடியில வெச்சு முக்காலியில உக்காந்து நிமிந்தேன்.

நேர் எதுத்தாப்புல கண்ணாடியில சீதேவி மூஞ்சி. ரெண்டு கண்ணும் என்னையவே பாக்குது. அந்த ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, நெத்தியில, சரியா அந்த எடத்துல, ஒரு அரக்குப் பொட்டு.

ஒம்பதுல ஒண்ணுங்க. அங்க உக்காந்தாத்தான் அப்படித் தெரியும். எந்திரிச்சு நின்னாத் தெரியாது, முக்காலியை ஒரு சாண் நகத்துனாத் தெரியாது. எதையும் மாத்தாதீங்கன்னு அந்த மனுசன் ஜீப்புல ஏறாமத் திரும்பி வந்து சொன்னது இதுக்குத்தான். பொட்டு வெச்ச ஒரு மூஞ்சிக்கு முன்னாடி உக்காந்து மூணு வேளையும் சாப்பிட்டுக்கிட்டிருந்திருக்காரு. அதை யாருகிட்டச் சொல்லுவாரு? எங்கிட்டச் சொல்லி இருந்தா நானும் சிரிச்சுத்தான் இருப்பேன்.

தயிர்ச்சோத்தை ஒரு வாய் வெச்சேன். ரெண்டாவது வாய் வெக்கறப்ப கண்ணாடியில அந்த மூஞ்சி கீழ போச்சு. கொட்டாய்க்குள்ள இருந்து கொள்ளு கடிபடற சத்தம் கேட்டுச்சு. இருபத்தாறு வருசமா மருந்து அலமாரியைப் பாத்துக்கிட்டுத் தனியா உக்காந்து சாப்பிடறவ நான். அன்னைக்குத்தான் எனக்கு எதுத்தாப்புல ஒரு ஜீவன் சாப்புட்டுச்சு. சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா நெசம்.

சாயங்காலமே சாணம் போட்டுருச்சு. சாணத்தைப் பாத்துக் கும்புடு போட்டவ நானாத்தான் இருப்பேன். மிச்ச ரெண்டு நாளும் மூணு வேளையும் போயி, சொட்டரை மாட்டிக்கிட்டு அங்கதான் சாப்பிட்டேன்.

அண்ணனைக் கூட்டிட்டு வந்து வனிதா எறக்குனா. வரும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருந்தா. அப்பாவைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேன், குதிரையை யாருக்காச்சும் குடுத்துருங்கக்கான்னு எங்கிட்டச் சொன்னா. உள்ள போனவ பீரோமேல தொங்கற போர்வையைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அப்பனை அவ பாக்கல. அவரு கட்டில்ல படுத்துக் கூரையைப் பாத்துக்கிட்டிருந்தாரு. சோறு போட்டு ஒரு தட்டை அவ கையில குடுத்து, பின்னாடி முக்காலியில போய் உக்காந்து சாப்பிடு கண்ணுன்னேன். ஏன்க்கான்னா. உக்காருன்னேன்.

உக்காந்தா. நான் கதவுகிட்டயே நின்னேன். கொஞ்ச நேரம் தட்டைப் பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் நிமிந்தா. சோத்துல வெச்ச கை அப்படியே நின்னு போச்சு.

“அது அம்மா பொட்டாக்கா?”

ஆமான்னேன். சீதேவி தின்னு முடிக்கறவரைக்கும் அங்கயே உக்காந்திருந்தா. தட்டுல சோறு காஞ்சு போச்சு.

மூணு நாள் இருந்தா. திருப்பூர்ப் பேச்சை மறுபடி எடுக்கல. அப்பனும் மகளும் பேசிக் கொட்டிக்கிட்டாங்கன்னு நான் சொன்னாப் பொய்யாயிரும், ரெண்டும் ஒரே அச்சு. திங்கக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போயிட்டா. ஊடு மறுபடி பழையபடி ஆயிருச்சு. நான் ஆப்பை உருவுனதை அண்ணன்கிட்ட ஒத்துக்கிட்டேன், பொய் சொன்னதையும் சேத்து. தெரியும் டாக்டரம்மா, கம்பிக்கட்டு நான் போட்ட கட்டு இல்லையேன்னாரு. அதோட விட்டுட்டாரு.

போன வாரம் தையலுக்கு மருந்து வாங்கிட்டுப் போனப்ப, சும்மா நின்னுக்கிட்டிருக்கறோமேன்னு கண்ணாடியில பொட்டை எண்ணுனேன். பத்து இருந்துச்சு. பத்தாவது அரக்குக் கலர் இல்ல. பொடிசா, கறுப்பா, கம்பெனிக்குப் போற புள்ளைங்க வெக்கற பொட்டு. அரக்குப் பொட்டுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருந்துச்சு. அண்ணன்கிட்டக் கேட்டேன்.

“வனிதாவோடதுங்க. மூஞ்சி கழுவறப்ப ஒட்டிட்டு மறந்து போயிட்டா,” அப்படீன்னாரு.

அவங்க ஊட்டுக்குள்ள தண்ணிக் குழாய்க்கு மேலயே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கு. மூஞ்சி கழுவறதுக்கு யாரும் குதிரைக் கொட்டாய்க்குப் போக மாட்டாங்க. ஆப்பு சரியா நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்துட்டேன்.